முன்கூட்டியே போர்த்திய பொன்னாடை

பரமசிவத்தின் கையில் மைக் கிடைத்துவிட்டால் அதைத் திரும்ப வாங்குவதற்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும். சிராங்கூன் ரோட்டைச் சுற்றி எந்தத் தமிழ் அமைப்பு விழா எடுத்தாலும் நெறியாளர் அவர்தான். மற்ற ஆறு நாளும் அவர் ஏர்கான் சர்விஸ் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் சூப்பர்வைசர். துவாஸ் பக்கத் தொழிற்சாலைகளில் ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு மேலே இருப்பவரை விரட்டுகிற வேலை. ஞாயிறு வந்தால் ஜிப்பாவும் சரிகை வேட்டியுமாக ஃபேரர் பார்க்கில் ரயிலைவிட்டு இறங்கி நடப்பார். நாலு பேராவது நிறுத்தி வணக்கம் சொல்வார்கள். அந்த நாலு வணக்கத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் அவர் ஓட்டுகிறார் என்று மனைவி லீலா கேலி செய்வதுண்டு. அதில் பொய் ஒன்றும் இல்லை.

கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட முதல் ஆளாக வந்து நிற்பவர். மோசடிக்காரராக இருந்திருந்தால் அவருக்குப் பிற்பாடு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கேம்பல் லேனில் ஒரு பொங்கல் விழா. எலும்பு மஜ்ஜைப் பதிவேட்டுக்காரர்கள் அங்கே ஒரு மேசை போட்டிருந்தார்கள். ரத்தப் புற்றுநோய் வந்தவருக்கு இன்னொருவரின் நல்ல அணுக்களைச் செலுத்திப் பிழைக்கவைக்கும் சிகிச்சை அது. யாருடையது வேண்டுமானாலும் ஆகாது, பொருந்த வேண்டும். பெரும்பாலும் சொந்த இனத்தில்தான் பொருந்தும், பதிவேட்டிலோ இந்தியர்கள் ரொம்பக் குறைவு. இதையெல்லாம் ஒரு பெண் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். கேட்கத்தான் ஆளில்லை. பக்கத்து மேசையில் இலவசமாகக் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பரமசிவத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. மைக்கோடு மேடையிலிருந்து இறங்கி நேரே அந்த மேசைக்குப் போனார். பஞ்சுக் குச்சியை வாங்கிக் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே பேசினார். "கரும்பு கேட்டு நீட்டுற கையை இங்கயும் நீட்டுங்க ஐயா. ஒரு சொட்டு எச்சில்தான் கேட்கிறாங்க. அதைக் கொடுக்கவா நமக்கு மனசு வராது?" கூட்டம் சிரித்தது. அன்று சாயங்காலம் அறுபத்து மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். அந்த எண்ணிக்கையை அவர் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். தான் கொடுத்த பெயர் என்ன ஆயிற்று என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆயிரத்தில் ஒருவரைக்கூடக் கூப்பிட மாட்டார்கள் என்று அந்தப் பெண்ணே சொல்லியிருந்தார்.

நாற்பத்தொன்பதாவது வயதில் அவரைக் கூப்பிட்டார்கள்.

போனில் பேசிய பெண்ணின் பெயர் திவ்யதர்ஷினி. பதிவேட்டின் ஒருங்கிணைப்பாளர். "மிஸ்டர் பரமசிவம், ஒரு நோயாளிக்கு நீங்க மேட்ச் ஆகிறீங்க. இப்பவும் கொடுக்க விருப்பமா?" என்று கேட்டார். பரமசிவம் யோசிக்கவே இல்லை. அப்போது அவர் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். சரி என்று சொன்ன சத்தத்தில் மீன்காரர் நிமிர்ந்து பார்த்தார். நோயாளி யார், ஆணா பெண்ணா, எதுவும் சொல்ல மாட்டார்கள். அதுதான் விதி. ஆனால் பொருந்துகிறது என்றால் நம்மவராகத்தான் இருக்கும் என்று பரமசிவமே கணக்குப் போட்டுக்கொண்டார். இந்த மீன் கடையிலேயேகூட என்றைக்காவது தன் பக்கத்தில் நின்றிருக்கலாம்.

உயிரைக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. நாலைந்து நாள் ஊசி, பிறகு ஒரு பகல் முழுக்கப் படுக்கை. ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய், வேண்டிய அணுக்களை அங்கே விட்டுவிட்டு, இன்னொரு கை வழியாகத் திரும்பும். எலும்பு வலிக்கும், தலை வலிக்கும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும். இதைக் கேட்ட லீலா, தான் வேலை பார்க்கும் பாலர் பள்ளியில் அந்த வாரத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

தமிழ்ச் சங்கத் தலைவர் முத்துசாமிக்கு விஷயம் எப்படிப் போயிற்று? பரமசிவம்தான் சொன்னார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. முத்துசாமிக்கோ யாருக்காவது பொன்னாடை போர்த்தாவிட்டால் விழா நடந்த மாதிரியே இருக்காது. நிதி கொடுத்தவருக்குப் பொன்னாடை, கொடுப்பதாகச் சொன்னவருக்கும் பொன்னாடை. அந்த மாதக் கூட்டத்திலேயே பரமசிவத்தை மேடைக்கு அழைத்து, "முகம் தெரியாத ஓர் உயிருக்காகத் தன் உடம்பையே கொடுத்த வள்ளல்" என்று போர்த்திவிட்டார். 'கொடுக்கப்போகிற' என்று பரமசிவம் திருத்தியிருக்கலாம். அருமையான தமிழில் திருத்தக்கூடிய ஆள்தான். கைதட்டல் அடங்கட்டும் என்று இருந்தார். அடங்கியபோது அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் முழு உடல் பரிசோதனை. டாக்டர் நல்லவர். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மிகமிக அரிதாக மண்ணீரலுக்கு ஆபத்து வரலாம், மிகமிக அரிதாக உயிருக்கும். மிகமிக என்று இரண்டு தடவையும் அழுத்திச் சொன்னார். பரமசிவத்தின் காதில் விழுந்தது கடைசியில் வந்த உயிர் என்ற சொல் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து படுத்தவர் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது. மகள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. முன்பின் தெரியாத ஒருவருக்காக இவர்களை நடுத்தெருவில் விடலாமா? எந்தத் தர்மத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறது? கேள்வி நியாயமானதுதான், யார் கேட்டாலும் நின்று பேசலாம். ஆனால் பரமசிவம் இத்தனை வருஷம் ஏணிக்குக் கீழே நின்றபோதோ, நெடுஞ்சாலையில் பைக் ஓட்டியபோதோ அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டவரில்லை. பயம்தான் முதலில் வந்தது, நியாயத்தை அது தேடிப் பிடித்துக்கொண்டது. அது அவருக்கும் அப்போதே தெரியும்.

திவ்யதர்ஷினி மறுபடி கூப்பிட்டார். "நாளைக்கு நோயாளிக்கு மருந்து ஆரம்பிச்சிடுவாங்க. ஆரம்பிச்சிட்டா அவங்க சொந்த மஜ்ஜை போயிடும். அப்புறம் உங்களோடது வரலேன்னா அவங்களால தாங்க முடியாது. அதான் கடைசியா ஒரு தடவை கேட்கிறேன். உங்களுக்கு ஓகேதானே?"

பரமசிவம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு ஓகேதாம்மா. வீட்டுல மனைவிதான் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. ரொம்ப அழுறாங்க. பதிவேட்டுல இருந்து என் பேரையும் எடுத்துடுங்க."

அந்த நேரத்தில் லீலா அடுக்களையில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காகப் புது பிளாஸ்க்கை வெந்நீர் ஊற்றி அலசிக்கொண்டிருந்தார். பரமசிவம் உள்ளே போய், நோயாளிக்கு உடம்பு இன்னும் தேறவில்லையாம், ஆஸ்பத்திரியிலேயே ரத்து செய்துவிட்டார்கள் என்றார். "ஐயோ பாவம்" என்றார் லீலா. அன்று இரவு சாமி படத்துக்கு முன்னால் முகம் தெரியாத அந்த ஆளுக்காக வேண்டிக்கொண்டுதான் படுத்தார்.

வெளியே யாரிடமும் பரமசிவம் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. அதற்கு அவசியம் வரவில்லை. ஒரு வாரம் விழாக்கள் பக்கம் தலைகாட்டாமல் இருந்தார். திரும்பி வந்தபோது, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். "பரவாயில்லை" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு கொடுத்தவராகவே ஆகிவிட்டார். லீலா அவருடைய விழாக்களுக்கு வருவதில்லை. வீட்டில் கேட்கிற பேச்சே போதும் என்பவர். அதனால் இரண்டு கதைகளும் ஒன்றையொன்று சந்திக்காமல் ஒன்றரை வருஷம் ஓடின.

ஓடின என்று எழுதுவது சுலபம். ஒவ்வொரு ஞாயிறும் ஃபேரர் பார்க்கில் இறங்கி நடக்கும்போது எதிரே தலையில் துணி கட்டிய, மெலிந்த ஆள் யார் வந்தாலும் பரமசிவம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். வணக்கங்கள் நாலிலிருந்து பத்தாகியிருந்தன. ஒவ்வொரு வணக்கமும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பேச்சிலும் மெருகு குறைந்துவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். வயசாயிடுச்சு என்று அவர்களே காரணமும் சொல்லிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு ஞாயிறு, கூட்டம் முடிந்து கோயில் மண்டபத்தின் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரிடம் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், பேருந்து ஓட்டுநர் சீருடை. பெயர் குமரன் என்றார்.

"அண்ணே, ஒரு உதவி. என் மனைவி தவறி வர்ற பதினாலாம் தேதியோட ஒரு வருஷம் ஆவுது. சாப்பாடு மட்டும் போட்டா போதாதுன்னு தோணுச்சு. அந்தப் பதிவேட்டுக்காரங்களை வரச் சொல்லி, இங்கயே ஒரு மேசை போடறேன். நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும்."

பரமசிவத்தின் கை செருப்பிலேயே நின்றுவிட்டது. "அவங்களுக்கு..." என்று இழுத்தார்.

"லுக்கீமியா. ஆள் கிடைச்சாங்கண்ணே. முழுசா மேட்ச் ஆனாங்க. மொட்டை அடிச்சு, பையைக் கட்டி ரெடியா உட்கார்ந்திருந்தா. மறுநாள் மருந்து ஏத்தணும். முதல் நாள் சாயங்காலம் அந்த ஆள் வரலேன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் என்னோடதை வச்சு டிரை பண்ணலாமான்னு பார்த்தாங்க, பாதிகூடச் சேரல. ஆறு மாசம் இருந்தா." குமரன் கண்ணைத் துடைக்கவில்லை. பல தடவை சொல்லிப் பழகிய குரல். "யாரையும் குத்தம் சொல்லலண்ணே. அவங்க வீட்டுல என்னவோ. ஆனா வந்து கொடுத்தவர் ஒருத்தர் பேசினா ஜனங்களுக்குத் தைரியம் வரும்லா. அதான் உங்ககிட்ட வந்தேன்."

ஆறு மாதம், அதற்கு மேல் ஒரு வருஷம். மாதம் பொருந்தியது. நாள் தெரியவில்லை. பரமசிவம் சரி என்றோ முடியாது என்றோ சொன்னதாக அவருக்கு நினைவில்லை. குமரன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் வேலை இடத்திலிருந்து பதிவேட்டுக்குப் போன் போட்டார். திவ்யதர்ஷினி இன்னும் அங்கேதான் இருந்தார், அவரை நினைவும் வைத்திருந்தார். தனக்குப் பொருந்திய நோயாளி ஒரு பெண்ணா என்பதை மட்டும் சொல்லுங்கள் என்று பரமசிவம் கேட்டார்.

"என்னால சொல்ல முடியாது மிஸ்டர் பரமசிவம். சாரி."

"திரும்பப் பேர் கொடுக்கலாமாம்மா?"

"புதுசா சேர்றதுக்கு வயசு தாண்டிடுச்சே." கொஞ்சம் தயங்கிவிட்டு அந்தப் பெண் சொன்னார்: "இன்னும் அதையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா? உங்க மிஸ்ஸஸ் மேல கோபப்படாதீங்க. வீட்டுல பயப்படறது ரொம்ப சகஜம். அவங்க நல்லா இருக்காங்களா?"

நல்லா இருக்காங்க என்று சொல்லி போனை வைத்தார். ஏணிமேல் இருந்த பையன்கள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு பெண்ணின் மனதில் லீலா ஒன்றரை வருஷமாக ஒரு கோழையாக இருந்துகொண்டிருக்கிறார். அதை நினைக்க நினைக்க அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று மாலை லீலாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். பொன்னாடையை, ரத்து ஆகாததை, குமரனை. லீலா குறுக்கே பேசவில்லை. பயம் என்றபோது தலையைக்கூட ஆட்டினார். தன் பெயரைச் சொன்ன இடம் வந்ததும்தான் நிமிர்ந்தார்.

"நான் அழுதேன்னா சொன்னீங்க?"

ஆமாம் என்றார் பரமசிவம்.

"பயமா இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே போன் பண்ணி, இவருக்குப் பயமா இருக்கும்மான்னு சொல்லியிருப்பேனே. இல்ல, பக்கத்துலயே இருக்கேன் வாங்கன்னு கூட்டிட்டுப் போயிருப்பேன். ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கும்." எழுந்து போய் அடுப்பை அணைத்தார். அங்கிருந்தபடியே சொன்னார்: "அந்த மனுஷன்கிட்ட என் பேரை இழுக்காதீங்க."

பதினாலாம் தேதி ஞாயிறு. கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் மேசை போட்டாயிற்று. குமரன் மனைவியின் படத்துக்கு மாலை. பரமசிவம் அந்தப் படத்தை ஒருமுறைதான் பார்த்தார். சிரித்த முகம், முழுத் தலைமுடியோடு. மேசையிலிருந்து மண்டபத்து வாசல்வரைக்கும் வரிசை நின்றது, எப்படியும் எழுபது பேர் இருப்பார்கள். வரிசையில் எங்கோ லீலாவும் நின்றுகொண்டிருந்தார். வருவதாக வீட்டில் சொல்லவில்லை.

முத்துசாமி அவரை அறிமுகப்படுத்தினார். வள்ளல் என்றார். கையில் மடித்த பொன்னாடையும் தயாராக இருந்தது. பரமசிவம் அதைக் கையால் தடுத்துவிட்டு மைக்கை வாங்கினார்.

"நான் கொடுக்கல," என்றார். "என்னைக் கூப்பிட்டாங்க. சரின்னேன். பொன்னாடையும் வாங்கிக்கிட்டேன். கடைசி நாள்ல பயந்துபோயி வரலேன்னு சொல்லிட்டேன். எனக்காக ஒருத்தர் எங்கேயோ காத்திருந்தாங்க. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஒன்றரை வருஷமா நீங்க வச்ச வணக்கம் எல்லாம் நான் திருடினது. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வெட்கமா இருக்கு."

சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் நடுவழியிலேயே நின்றார். முத்துசாமியின் முகத்தில் ஈயாடவில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு வயதானவர், இதையெல்லாம் இங்கேயா சொல்வது என்று முணுமுணுத்தார். சொல்லி முடித்தால் நெஞ்சு லேசாகும் என்று பரமசிவம் எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தார். ஆகவில்லை. மொத்தக் கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்க, தரையைப் பார்த்தபடி அந்த இடத்திலேயே நின்றார்.

குமரன் மெதுவாக நடந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்து இரண்டு பேர் எழுந்தார்கள். அவர் பரமசிவத்தின் கையிலிருந்து மைக்கை மட்டும் எடுத்துக்கொண்டார். மைக் பிடித்துப் பழக்கமில்லாததால் வாய்க்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களைப் பார்த்துப் பேசினார்.

"இவருக்கு வந்த பயம் உங்களுக்கும் வரும். வரும்னு தோணுச்சுன்னா இப்பவே வரிசையை விட்டுப் போயிடுங்க. உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சாப்பாடு இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க. ஆனா அப்புறமா போகாதீங்க."

பிறகு ஓர் இளைஞன் தலையைக் குனிந்துகொண்டு விலகினான். அவன் பின்னால் ஒரு தம்பதி. ஒவ்வொருவராகப் பதினேழு பேர் போய்ப் பந்தியில் உட்கார்ந்தார்கள். பரமசிவம் அவர்களைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அந்தப் பதினேழு பேரும் தன்னைவிட உசத்தியாகத் தெரிந்தார்கள். மற்றவர்கள் நின்றார்கள். லீலா தன் முறை வந்ததும் வாயைத் திறந்து பஞ்சுக் குச்சியைத் தேய்த்து உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, கணவர் இருந்த பக்கம் திரும்பாமல் இலை போடப் போனார்.

பரமசிவம் சாப்பிடாமல் படியிறங்கினார். கை கால் கழுவுகிற குழாயடியில் குமரன் எட்டிப் பிடித்தார். பரமசிவத்துக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது. நாள் எது? அது தெரிந்துவிட்டால் இவர் காலில் விழலாம், அல்லது வேறு யாரோ ஒருவருக்காக அழுதுகொள்ளலாம். எப்படியும் ஒரு முடிவு கிடைத்துவிடும்.

"குமரன்," என்றார், "நான் வரலேன்னு சொன்னது போன வருஷம்..."

குமரன் கையைத் தூக்கித் தடுத்தார். அவர் கண்கள் அப்போதுதான் முதல் தடவையாகக் கலங்கியிருந்தன.

"வேணாம்ணே. நாளைக்கும் நான் பஸ் எடுக்கணும். வீட்டுல புள்ள இருக்கு. தேதியை மட்டும் என்கிட்ட சொல்லிடாதீங்க."

பரமசிவம் வாயை மூடிக்கொண்டார். குமரன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குப் பரிமாற மண்டபத்துக்குள் போனார்.